ஒற்றை உகரத்துக்கு இத்தனை பஞ்சாயத்தா?

முழு எழுத்துகூட இல்லை, ஒரு உகரக் குறி. பணம் கட்டும் பக்கத்தின் பொத்தானில் ‘பணம் செலுத்தவம்’ என்று இருந்தது. ‘வ’வை ‘வு’ ஆக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. மொழிபெயர்ப்பு வரிகள் இருக்கும் ஜேசன் கோப்பைத் திறந்தேன், திருத்தினேன், கிட்டில் (கோடில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) கமிட் அடித்தேன், அதாவது மாற்றத்தைப் பதியச் சொன்னேன். லேப்டாப் விசிறி அலற ஆரம்பித்தது.

ப்ரீ-கமிட் ஹூக்! கமிட் பதிவாவதற்கு முன் தானாக ஓடி, குறை இருந்தால் நிறுத்திவிடும் சோதனை ஸ்கிரிப்ட். வாங்க சார், வாங்க.

முதலில் இஎஸ்லின்ட், கோடில் குறை தேடும் கருவி. நான் தொட்டது ஒரே ஒரு கோப்பு. அது அலசியதோ மொத்த புராஜெக்டை. என்றைக்கோ வேலையை விட்டுப் போன யாரோ ஒருவர் எழுதிய பில்லிங் கோப்பில், பயன்படாத வேரியபிள் ஒன்று கிடக்கிறதாம். கமிட் ரத்து. அந்த மனிதர் இப்போது எந்த ஊரில் நிம்மதியாகத் தூங்குகிறாரோ, அவர் விட்டுப்போன வேரியபிளுக்கு நான் காரியம் செய்ய வேண்டுமா? ஸ்டேஜ் செய்த, அதாவது இந்தக் கமிட்டுக்கென்று எடுத்து வைத்த, கோப்புகளை மட்டும் பார்க்கத்தான் லின்ட்-ஸ்டேஜ்டு என்று ஒன்று இருக்கிறது. அதைப் போட நம் ஆட்களுக்கு மனசு வராது.

சரி, காரியமும் செய்தாயிற்று. அடுத்து பிரிட்டியர், கோடின் வடிவத்தை ஒழுங்குபடுத்தும் கருவி. என் கோப்பின் கடைசியில் புது வரி இல்லையென்று தானே சேர்த்துக்கொண்டது. சேர்த்ததோடு விட்டதா? ‘கோப்பு மாறியிருக்கிறது’ என்று சொல்லி அதற்கும் கமிட்டை நிறுத்தியது. மாற்றியதே நீதானே! மறுபடி ஸ்டேஜ், மறுபடி கமிட், மறுபடி முதலிலிருந்து இஎஸ்லின்ட். அதற்குப் பிறகு, கோடின் ஒவ்வொரு துண்டும் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் யூனிட் டெஸ்ட் அத்தனையும். பொத்தான் எழுத்தை மாற்றினால் ஜிஎஸ்டி கணக்கு தப்பிவிடுமோ என்று பயம் போல.

எல்லாம் பச்சை. அப்பாடா என்றால், வாசலில், கமிட்டோடு எழுதும் குறிப்பைச் சோதிக்கும் கமிட்-மெசேஜ் ஹூக் நிற்கிறது. வேலைப் பட்டியலில் இதற்குப் பதிந்த டிக்கெட் எண் எங்கே? டிக்கெட் போடப் போனால் அது எஸ்டிமேட் கேட்கிறது. வேலையின் அளவைச் சொல்லும் ஸ்டோரி பாயின்ட் ஒரு உகரத்துக்கு எத்தனை, தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எண்ணைப் போட்டு மறுபடி அடித்தால், ‘முதல் வரி 50 எழுத்தைத் தாண்டுகிறது’. விரல் விட்டு எண்ணுகிறேன், 50-க்குப் பக்கத்தில்கூட வரவில்லை. ஸ்கிரிப்டைத் திறந்து பார்த்தால், மகராசன் எண்ணுவது எழுத்தை இல்லை, பைட்டை! எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ‘ம’வுக்கு 3 பைட், அதன் தலையில் வைக்கும் புள்ளிக்குத் தனியாக 3 பைட். ‘பணம் செலுத்தவும்’ என்பது நமக்கு 9 எழுத்து. அதற்கு, நடுவில் உள்ள இடைவெளியோடு சேர்த்து 46. தமிழில் மெசேஜ் எழுதினால் அபராதம், புரிகிறதா?

பக்கத்து சீட் தம்பி எட்டிப் பார்த்தான். “நோ-வெரிஃபை போட்டுட்டுப் போங்கண்ணா.”

இங்கேதான் சுர்ரென்று ஏறியது. அந்த ஒரு வார்த்தையைச் சேர்த்தால் ப்ரீ-கமிட்டும் ஓடாது, கமிட்-மெசேஜும் ஓடாது. இவ்வளவு நேரம் என்னை நிற்க வைத்துச் சோதனை போட்டவனுக்குப் பின்பக்கக் கதவு திறந்தே கிடக்கிறது! தம்பிக்கு அதுகூடத் தேவையில்லை. புராஜெக்டை நகலெடுக்கும் குளோனோடு கிட் ஹூக் வராது. 2016-இல் கிட் 2.9-இல் ஹூக் இருக்கும் இடத்தைக் காட்டும் கோர்-ஹூக்ஸ்பாத் அமைப்பு வந்த பிறகும், அவரவர் மெஷினில் அவரவர்தான் அதை அமைக்க வேண்டும். இவன் சேர்ந்த நாளில் செட்டப் ஸ்கிரிப்டை ஓட்டவே இல்லையாம். ஆக, சொன்ன பேச்சைக் கேட்டவனுக்கு மட்டும்தான் தண்டனை. கட்டாயம் நடக்க வேண்டிய சோதனை என்றால் சர்வருக்குக் கோட் வரும்போது ஓடும் ப்ரீ-ரிசீவ் ஹூக்கில் வை, இல்லை கோட் போனதும் தானாகச் சோதிக்கும் சிஐ-யில் வை. அங்கே எவனும் தன் லேப்டாப்பிலிருந்து தாண்ட முடியாது. கமிட் அடிக்கும் இடத்தில் கண் சிமிட்டுவதற்குள் முடிகிற வேலையை மட்டும் வை. பேன் பார்க்கச் சொன்னால் காதை அறுக்காதே.

கடுப்பில், பழைய கமிட்கள் வரிசையாக இருக்கும் கிட் லாக்கைத் திறந்து, இந்த ஹூக்கை எழுதிய மகானின் கமிட்களை மட்டும் வடிகட்டினேன். ஒன்றில்கூட டிக்கெட் எண் இல்லை. ‘ஃபிக்ஸ்’. ‘ஃபிக்ஸ் அகெய்ன்’. ‘ஃபைனல்’. ‘ஃபைனல் 2’. மனுஷன் எழுதிய நாளிலிருந்தே நோ-வெரிஃபைதான்! தனியாக உட்கார்ந்து சிரித்ததில் செக்யூரிட்டி அண்ணன் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

எங்கள் ஆபீஸ் கேன்டீனிலும் இதே கதைதான். ஆறு மணிக்கு மேல் டீ கேட்டால், டோக்கன் மெஷினை அணைத்துவிட்டோம் என்கிறார்கள். பாய்லரில் டீ கொதித்துக்கொண்டுதான் இருக்கிறது. பத்து ரூபாயைக் கையில் வாங்கிக்கொண்டு ஊற்றினால் என்ன, கை தேய்ந்தா போய்விடும்?