ஆதார் பார்த்துத்தான் இனி பந்து பாஸ் பண்ண வேண்டுமா?

சனிக்கிழமை ராத்திரி எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரை ஊர் ஒன்றில் நடந்த செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து) டோர்னமென்டில், ஜார்க்கண்ட் பையன்கள் இரண்டு பேரைப் பாதி ஆட்டத்தில் வெளியேற்றியதைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். வீடியோவை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை. கமிட்டியில் பாதிப் பேர் எனக்குத் தெரிந்தவர்கள், நாளைக்கும் முகத்தில் முழிக்க வேண்டியவர்கள். ஆனால் வீடியோவுக்குக் கீழே வந்த கமென்டுகளைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. "சரியான முடிவு" என்று கைதட்டுகிறவர்களில் என்னோடு ஒரே பெஞ்சில் இருந்து படித்தவர்களும் இருக்கிறார்கள். அதுதான் ரொம்ப வலிக்கிறது.

வீடியோவில் வராததைச் சொல்கிறேன். நான் கோல் போஸ்டுக்குப் பின்னால் நின்றேன். இடைவேளையில் நம் பையன்கள் ஒரு கோல் முன்னால் இருந்தார்கள். அப்போதுதான் கமிட்டி ஆள் ஒருவர் வந்து ஆதார் கேட்டார். ஏழு பேரிடமும் கேட்டிருந்தால் நான் வாய் திறந்திருக்க மாட்டேன். இரண்டே பேரிடம் கேட்டார், டைல்ஸ் வேலை பார்க்கும் ஜார்க்கண்ட் பையன்கள் இரண்டு பேரிடம் மட்டும். அப்புறம் மைக்கில் அறிவிப்பு: வெளிமாநிலத்தார் ஆடக் கூடாது. இளையவன் மணலில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினான். லேஸ் நனைந்து முடிச்சு இறுகிவிட்டது, அவிழவில்லை. சுற்றி நின்ற சிலர் சிரித்தார்கள். ஜெர்சியைக் கழற்றி, உள்பக்கம் வெளியே வந்திருந்ததைத் திருப்பி, மடித்து, கேப்டனிடம் இரண்டு கையாலும் கொடுத்தான். வெள்ளைச் சிமென்ட் படிந்த சட்டையை மாட்டிக்கொண்டு லைனுக்கு வெளியே நின்றான். போகவில்லை. ஆட்டம் முடியும்வரை "விடாத மக்கா, விடாத" என்று நம்ம பேச்சிலேயே கத்திக்கொண்டிருந்தான்.

அந்த "மக்கா"வை அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? வேலைக்கு வைத்த காண்டிராக்டரா? வாடகைக்கு அறை கொடுத்த வீட்டுக்காரரா? நம் பையன்களோடு சாயங்காலம் பந்து ஆடித்தான் அதைப் படித்தான். நான் சொல்ல வருவது இது ஒன்றுதான்: ஒரே ஊரில் இருந்தால் போதாது, ஒரே மைதானத்தில் நின்றாலும் போதாது. ஒரே அணியில் ஆட வேண்டும்.

இதை வாசித்துத் தெரிந்துகொண்டு சொல்லவில்லை. 1982 மார்ச்சில் இந்துக்களுக்கும் கடற்கரைக் கிறிஸ்தவ மீனவர்களுக்கும் நடுவே மண்டைக்காடு கலவரம் நடந்தபோது நான் இரண்டாம் வகுப்பு. துப்பாக்கிச்சூடு, சாவு, எரிந்த வீடுகள் எல்லாம் பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசித்தான் காதில் விழுந்தது. ஆனால் வீட்டில் மீன் நின்றுபோனது நேராகவே தெரிந்தது. தலைச்சுமையாகக் கொண்டுவரும் அம்மாமார் யாரும் எங்கள் முடுக்குக்குள் வரவில்லை. கடப்புறம் (கடற்கரை) பக்கம் போகக் கூடாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கடப்புறத்துப் பிள்ளைகளுக்கும் அவர்கள் அம்மாக்கள் அதையே சொல்லியிருக்கிறார்கள், பிறகுதான் தெரிந்தது.

மேல்நிலைப் பள்ளியில் எங்கள் பி.டி. சார் டீம் எடுத்தபோது வேண்டுமென்றே பாதிப் பேரைக் கடப்புறத்திலிருந்தும் பாதிப் பேரை எங்கள் பக்கத்திலிருந்தும் எடுத்தார். எடுத்தால் போதுமா? அவர்கள் அவர்களுக்குள் பாஸ் கொடுத்தார்கள், நாங்கள் எங்களுக்குள். சார் கொஞ்ச நாள் பார்த்துவிட்டு ஒரு விதி போட்டார். பிராக்டிஸில் கோல் அடித்தால், கடைசிப் பாஸ் மற்றப் பக்கத்துப் பையனிடமிருந்து வந்திருந்தால்தான் கணக்கு, இல்லையென்றால் கோல் கிடையாது. எத்தனை நல்ல கோல்களை அப்படி அழித்திருப்பார்! அழாத குறையாக நிற்போம். அந்த விதிதான் ஸ்டாப்பர் (பின்வரிசைத் தடுப்பாட்டம்) ஆடிய ஒரு கடப்புறத்துப் பையனை எனக்கு நண்பனாக்கியது. அவன் எங்கே நிற்கிறான், எந்தக் காலில் வாங்குவான் என்று பார்க்காமல் என்னால் ஒரு கோலும் அடிக்க முடியாது. அப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் அவனைத் தெரிந்தது. பிறகு அவன் வீட்டுக்கு வந்தான். ஒருநாள் அவன் அம்மா மீன்கூடையோடு எங்கள் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். என் அம்மா மீனை விலை கேட்பதற்கு முன்னால் காப்பி போட உள்ளே போனார்.

2017 நவம்பர் 30, ஒக்கி புயல். எங்கள் பக்கம் ரப்பரும் வாழையும் மொத்தமாகச் சாய்ந்து கிடந்தன, கரண்ட் இல்லை. எப்படியோ ஒரு தடவை டவர் கிடைத்தபோது அந்த ஸ்டாப்பர் நண்பன்தான் கூப்பிட்டான். அவன் அக்காள் மாப்பிள்ளை கடலில். அந்த நிலையிலும் முதலில் கேட்டது, "உங்க வீட்டுக் கூரை நிக்குதா?" தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை என்று ஒவ்வொரு கடற்கரை ஊரிலும் கடலுக்குப் போனவர்களை எதிர்பார்த்துப் பெண்கள் கரையில் இருந்த நாட்கள் அவை. டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத்தில் மீனவர்கள் தண்டவாளத்தில் உட்கார்ந்தபோது எங்கள் பழைய டீமில் உள்ளூர்க்காரர்கள் (கடலை விட்டு உள்ளே தள்ளி இருக்கும் எங்கள் பக்கத்தார்) எல்லாரும் போய் அவர்களோடு உட்கார்ந்தோம். யாரும் யாரையும் அழைக்கவில்லை. எங்கள் தெருவிலிருந்து வேறு எத்தனை பேர் வந்தார்கள் என்று நான் இங்கே சொல்ல விரும்பவில்லை.

சரி, எதிர்க் கேள்விகளுக்கு வருகிறேன்.

"விதி என்றால் விதிதான்" என்கிறார்கள். நோட்டீஸில் அந்த விதி இருந்ததா? நோட்டீஸ் என் கையில் இருக்கிறது. நுழைவுக் கட்டணம் இருக்கிறது, பரிசுத்தொகை இருக்கிறது, நன்கொடையாளர் படங்கள் இருக்கின்றன, இந்த விதி இல்லை. அதே டோர்னமென்டில் மலப்புரத்திலிருந்து காசு கொடுத்துக் கூட்டிவந்த கெஸ்ட் பிளேயர்கள் ஆடினார்கள். மலப்புரம் எந்த மாநிலம்? அவர்களைக் கூட்டிவந்தது தப்பு என்று நான் சொல்லவில்லை, அந்தப் பையன்களின் ஆட்டம் அருமை. காசு வாங்கி ஒரு ராத்திரிக்கு வருகிறவன் விருந்தாளி, இங்கேயே தங்கி நம் வீடுகளுக்குத் தரை போடுகிறவன் வெளியாளா என்றுதான் கேட்கிறேன்.

"பாதுகாப்பு முக்கியம், யார் எவர் என்று தெரியாது" என்று ஒரு அண்ணாச்சி எழுதியிருக்கிறார். தெரிந்துகொள்ள வழி அதுதானே அண்ணாச்சி? அந்தப் பையன்களின் பெயர், ஊர், அம்மாவுக்கு என்ன நோய், மாதம் எவ்வளவு அனுப்புகிறார்கள் என்பதுவரை அவர்களோடு ஆடும் நம் பையன்களுக்குத் தெரியும். இதற்குமேல் இந்த வாதத்துக்குப் பதில் சொல்ல எனக்கு மனமில்லை.

"விளையாட்டில்தான் அடிதடியே வருகிறது, ஒற்றுமையாவது ஒன்றாவது" என்பது நியாயமான கேள்வி. வந்திருக்கிறது, நானே பார்த்திருக்கிறேன். ஊருக்கு ஊர், சாதிக்குச் சாதி தனி டீம் கட்டி மோதவிட்டால் அதுதான் வரும். உத்தரப்பிரதேசத்தில் மாட் லோவ் என்ற பொருளாதார ஆய்வாளர் 1,261 இளைஞர்களை வைத்து கிரிக்கெட் லீக் நடத்திப் பார்த்தார், 2021இல் ஆய்வு வெளிவந்தது. வேறு சாதிக்காரனோடு ஒரே அணியில் ஆடியவர்களுக்குச் சாதி தாண்டிய நட்பு கூடியது. எதிரணியில் மட்டும் சந்தித்தவர்களுக்குப் பெரும்பாலும் அந்தப் பழக்கம் குறைந்தது. எங்கள் பி.டி. சாருக்கு இது ஆய்வு இல்லாமலே தெரிந்திருந்தது. பம்பாயில் வெள்ளைக்காரன் காலத்தில் இந்து அணி, முஸ்லிம் அணி, பார்சி அணி என்று மதத்துக்கு ஒன்றாகக் கிரிக்கெட் போட்டி நடந்தது. 1940இல் காந்தி அதை எதிர்த்தார், 1946க்குப் பிறகு நின்றுபோனது. அதற்கெல்லாம் முன்னால், பல்வங்கர் பாலு என்ற தலித் பந்துவீச்சாளருக்குப் பூனாவில் தேநீர் வெளியே வைத்து, மண் குவளையில் கொடுத்தார்கள். அவர் 1911இல் இங்கிலாந்துக்குப் போய் நூற்றுக்கும் மேல் விக்கெட் எடுத்தார். பந்து போட அவர் வேண்டும், கூட உட்கார்ந்து குடிக்க வேண்டாம். சனிக்கிழமை நாம் அதைக்கூடச் செய்யவில்லை, ஆடவே விடவில்லை.

ஈராக்கில் கிறிஸ்தவர்களையும் முஸ்லிம்களையும் ஒரே கால்பந்து அணியில் ஆடவைத்து சல்மா மூசா என்ற ஆய்வாளர் செய்த ஆய்வைக் காட்டி, மைதானத்தில் வந்த மாற்றம் வெளியே போகவில்லையே என்று ஒரு தம்பி இன்பாக்ஸில் கேட்டார். உண்மைதான் தம்பி. மைதானத்துக்குள்ளாவது வந்ததே. அதையும் பூட்டிவிட்டு வேறு எங்கே போய்த் தொடங்குவீர்கள்?

சாமித்தோப்பில் முத்திரிக் கிணறு வெட்டி எல்லாச் சாதியாரையும் ஒரே கிணற்றுத் தண்ணீரை இறைக்க வைத்தார், சாதிக் கொடுமையை எதிர்த்த அய்யா வைகுண்டர். அந்த மண்ணில் இருந்துகொண்டு ஒரு பையனின் ஆதாரை டார்ச் அடித்துப் பார்க்கிறோம்.

இன்னொன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். இந்த மாவட்டத்தில் எந்த வீட்டில் வெளிநாட்டுக்குப் போன ஆள் இல்லை? என் தம்பி ஷார்ஜாவில் இருக்கிறான். வெள்ளிக்கிழமை வந்தால் மணல் மைதானத்தில் மலையாளி, பெங்காலி, பாகிஸ்தானி எல்லாரும் கலந்துதான் ஆட்டம். போன புதிதில் ராத்திரி போன் பண்ணி அழுவான், ஆடத் தொடங்கிய பிறகு அழுகை நின்றது. அவனை அங்கே ஒருத்தன் ஜெர்சியைக் கழற்று என்று சொல்லியிருந்தால்? நம் கடப்புறத்து ஆட்கள் கொச்சியில் தங்கித் தொழில் செய்கிறார்கள், அவர்களை அங்கே வந்தேறி என்று ஒருத்தன் எழுதினால் இங்கே எத்தனை பேருக்கு ரத்தம் கொதிக்கும்? இரவிபுத்தன்துறைக்காரர், கால்பந்து வீரர் மைக்கேல் சூசைராஜ் 2018இல் எந்த ஊர் அணிக்குப் போனார் என்று ஞாபகம் இருக்கிறதா? ஜாம்ஷெட்பூர். ஜார்க்கண்ட். அங்கே மைதானம் நிறைந்து அவருக்குக் கைதட்டினார்கள், நாமும் இங்கே டிவி முன்னால் உட்கார்ந்து பெருமைப்பட்டோம். அந்த மாநிலத்துப் பையன்கள்தான் சனிக்கிழமை லைனுக்கு வெளியே நின்றவர்கள். இதை எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது.

"நீ உள்ளூர்க்காரன், கடப்புறத்து டோர்னமென்டைப் பற்றிப் பேச உனக்கு என்ன உரிமை" என்று எழுதியவருக்கு: நாற்பது வருஷத்துக்கு முன்னால் இரண்டு பக்கமும் பேசிக்கொண்ட பேச்சு அது. உங்கள் வயதைப் பார்த்தால் நீங்கள் அப்போது பிறந்திருக்கவே மாட்டீர்கள்.

கால் முட்டு போன பிறகு நான் ஆடுவதில்லை, ஓரமாக நின்று கத்துவதோடு சரி. ஆனால் மே மாத டோர்னமென்டுக்கு ஒரு டீம் கட்டப் போகிறேன். கடப்புறத்துப் பையன்கள், ரப்பர் பால்வெட்டுக்குப் போகும் குலசேகரம் பக்கத்துப் பையன்கள், இந்த இரண்டு பேர், எல்லாரும் ஒரே ஜெர்சியில். கமிட்டியிடம் இப்போதே பெயர்ப் பட்டியலை எழுத்தில் கொடுத்து, எழுத்தில் பதில் கேட்பேன். கோல்கீப்பர் இன்னும் கிடைக்கவில்லை. ஞாயிறு காலைப் பூசை முடிந்து எட்டரைக்கு பிராக்டிஸ். வர நினைக்கிறவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள், பூட்ஸ் இல்லாவிட்டாலும் வாருங்கள்.