ஹம்வியை ஹம்வி என்று சொல்ல யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

ப்ரவுசிங் சென்டரில் கவுன்டர் ஸ்ட்ரைக் 1.6 என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டை ஆடியவர்களுக்கு இது நினைவிருக்கும். டெரரிஸ்ட் பக்கம் நின்று பி, 4, 2 என்று தட்டினால் கையில் ஏகே-47 வந்துவிடும். ஆனால் மெனுவில் "சிவி-47" என்றுதான் எழுதியிருக்கும். டெசர்ட் ஈகிளுக்கு "நைட் ஹாக்", எம்பி5க்கு "கே அண்ட் எம்". எங்கள் கூட்டத்தில் ஒருத்தன்கூட அந்தப் பெயர்களைச் சொன்னதில்லை. "டேய், ஏகே வாங்குடா" என்றுதான் கத்துவோம். கண்ணுக்கு முன்னால் இருக்கும் பொருளை வேறு பெயரில் எழுதி வைத்திருப்பது அன்றைக்கே எனக்கு உறுத்தியது. இன்னும் உறுத்துகிறது.

விளையாட்டில் நிஜப் பெயரைப் போட அந்தப் பொருளைத் தயாரிப்பவரின் அனுமதி வேண்டுமா என்பதில் தெளிவான தீர்ப்பு ஒன்று இருக்கிறது. அமெரிக்க ராணுவத்தின் ஹம்வி வண்டியைத் தயாரிக்கும் ஏஎம் ஜெனரல் நிறுவனம், கால் ஆஃப் டியூட்டி விளையாட்டுகளில் தங்கள் வண்டியையும் பெயரையும் அனுமதியில்லாமல் பயன்படுத்தியதாக 2017 நவம்பரில் அவற்றை வெளியிடும் ஆக்டிவிஷன்மீது நியூயார்க்கில் வழக்குப் போட்டது. 2020 மார்ச் 31 அன்று நீதிபதி ஜார்ஜ் டேனியல்ஸ், முழு விசாரணை வரை போகவிடாமலேயே, ஆக்டிவிஷன் பக்கம் தீர்ப்பளித்தார். போரை உள்ளபடி காட்டுவதுதான் படைப்பின் நோக்கம் என்றால், நிஜ ராணுவங்கள் ஓட்டும் வண்டி அதில் இருப்பது அந்த நோக்கத்துக்கு உதவத்தானே செய்யும் என்பது அவருடைய வாதம். அதற்கு அடிப்படை, தன் பெயரை ஒரு படத்தின் தலைப்பில் வைத்ததற்காக நடிகை ஜிஞ்சர் ரோஜர்ஸ் தொடுத்து, 1989இல் மேல்முறையீட்டிலும் தோற்ற வழக்கு. பெயருக்குப் படைப்போடு கலைரீதியான தொடர்பு இருந்து, இது யாருடைய சரக்கு என்று ஆட்களை வெளிப்படையாக ஏமாற்றாமலும் இருந்தால் போதும்.

எனக்கு இந்தத் தீர்ப்பு பிடித்திருப்பதற்குக் காரணம் காசு மிச்சமாவது இல்லை. லைசென்ஸ் என்று வந்துவிட்டால் கூடவே ஒரு கடன்பாடும் வந்துவிடும். அனுமதி கொடுத்தவர், தன் துப்பாக்கி முக்கியமான நேரத்தில் சிக்கிக்கொள்வதையும், தன் வண்டிக்குள் ஆட்கள் எரிந்து சாவதையும் காட்டினால் சும்மா இருப்பாரா? போரைப் பற்றிப் பேசும் படைப்பு, ஆயுதம் விற்பவரிடம் கை கட்டி நிற்கக் கூடாது.

2012இல் வந்த மெடல் ஆஃப் ஹானர்: வார்ஃபைட்டர் என்ற போர் விளையாட்டு எங்கே போய் நின்றது என்று பாருங்கள். அதன் இணையதளத்திலேயே ஆயுத நிறுவனங்களின் பக்கங்களுக்கு இணைப்பு கொடுத்திருந்தார்கள். கண்டனம் வந்த பிறகுதான் எடுத்தார்கள். 2013இல் அதை வெளியிட்ட இஏ நிறுவனம், இனி துப்பாக்கி நிறுவனங்களோடு லைசென்ஸ் ஒப்பந்தம் இல்லை, ஆனால் நிஜத் துப்பாக்கிகள் விளையாட்டில் தொடரும் என்று அறிவித்தது. புத்தகத்தில் "கோல்ட்" என்று ஒரு துப்பாக்கி நிறுவனத்தின் பெயரை எழுத யாரும் பணம் கட்டுவதில்லையே என்று அதன் அதிகாரி ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி.

சரி, பெயரைச் சும்மா போட்டாலே அது விளம்பரம்தானே என்று கேட்கலாம். அமெரிக்காவின் யுவால்டி பள்ளியில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் 2024 மே மாதம் ஆக்டிவிஷன்மீது போட்ட வழக்கில் சொல்வதும் கிட்டத்தட்ட இதுதான். அந்த வலியை நான் ஒதுக்கித் தள்ளவில்லை. ஆனால் துப்பாக்கியைப் பளபளவென்று ஆசையாகக் காட்டுவதில்தான் விளம்பரம் இருக்கிறது. பொய்ப்பெயர் வைத்துக்கொண்டும் அதைத் தாராளமாகச் செய்யலாம்.

எல்லை இல்லாமல் இல்லை. 2023இல் ஜாக் டேனியல்ஸ் என்ற விஸ்கி நிறுவனத்தின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அடுத்தவர் சின்னத்தை உங்கள் சரக்கின் அடையாளமாகவே பயன்படுத்தினால் ரோஜர்ஸ் சலுகை கிடையாது என்றது. அதாவது கதைக்குள் ஹம்வி ஓடுவது வேறு, விளையாட்டுக்கே ஹம்வி என்று பெயர் வைத்து விற்பது வேறு.

எனக்குக் கோபம் வருவது அடுத்ததில்தான். ஹம்வி வழக்கில் தீர்ப்பு வர இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. ஆக்டிவிஷனுக்கு அது தாங்கும். நாலு பேர் சேர்ந்து விளையாட்டு செய்கிறவர்கள் முதல் வக்கீல் நோட்டீஸிலேயே பெயரை மாற்றிவிடுவார்கள். ஜெயித்த ஆக்டிவிஷனே 2022இல் வெளியிட்ட மாடர்ன் வார்ஃபேர் 2இல் ஏகே "காஸ்டோவ்" ஆகிவிட்டது. ஹெக்லர் அண்ட் கோக் வகைத் துப்பாக்கிகளுக்கு "லாக்மன்". எம்4 துப்பாக்கி மட்டும் எம்4ஆகவே இருக்கிறது. அந்தப் பெயர் தனக்கு மட்டும்தான் என்று கோல்ட் உரிமை கொண்டாடியபோது, அது பொதுப்பெயர் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2007இலேயே சொல்லிவிட்டது.