தேன் உறைந்தால் கலப்படமா?

"உறைந்து போனால் அது சர்க்கரைப் பாகு. தண்ணீரில் கரையாமல் அடியில் போய் நின்றால்தான் சுத்தத் தேன்." வாட்ஸ்அப்பில் சுற்றும் இந்தச் செய்தியில் இரண்டுமே தவறு.

தேனில் குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் என்று இரண்டு சர்க்கரைகள் முக்கியமானவை. குளுக்கோஸ் கூடுதலாக இருந்தால் மணிமணியாகப் பிரிந்து உறையும். மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் துளிர்க்கும் பருவத்தில் எடுக்கும் தேன் அப்படித்தான். அது பூவிலிருந்து வருவதுகூட இல்லை. இளம் இலைக்காம்பில் சுரக்கும் இனிப்பைத் தேனீ சேர்த்து வைத்தது. சீக்கிரமே பாட்டில் அடியில் நெய் உறைந்த மாதிரி வெளுத்துக் கட்டியாகிவிடும்.

சரி, தண்ணீர்ச் சோதனை? கெட்டியாகக் காய்ச்சிய வெல்லப்பாகும் அடியில்தான் போய் உட்காரும். ஈரம் கொஞ்சம் கூடிய நல்ல தேன் சட்டென்று கரையும். கலப்படத்தை உறுதியாகச் சொல்ல ஆய்வகம்தான் வேண்டும்.

இந்தச் செய்தியை நம்பி, உறைந்த தேனைப் பாதி விலைக்குக் கேட்கிறார்கள். பத்துத் தேனீப் பெட்டி வைத்துப் பிழைக்கும் விவசாயிக்கு இது பெரிய அடி. உறைந்த பாட்டிலை அடுப்பில் வைக்காதீர்கள். கை பொறுக்கும் சூட்டில் உள்ள தண்ணீரில் வைத்தால் மெல்ல இளகிவிடும்.