ஒலிவியரின் அந்தப் பத்து வருடம்

ஆங்கில நடிகர் லாரன்ஸ் ஒலிவியர் என்றதும் பலரும் 1948-இல் வந்த ஹாம்லெட் படத்தையும், அதற்குக் கிடைத்த ஆஸ்கரையும், நடிகை விவியன் லீயுடன் நடந்த கல்யாணத்தையும்தான் பேசுகிறார்கள். எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது வேறொரு காரணத்தால். 1963 முதல் 1973 வரை பத்து வருடம், இங்கிலாந்தின் தேசிய நாடக அரங்கை அதன் முதல் இயக்குநராக இருந்து உருவாக்கினாரே, அதற்காக.

அரங்கம் என்று பெயர்தான், சொந்தக் கட்டடம் கிடையாது. 1951-இலேயே லண்டனில் அடிக்கல் நட்டாயிற்று. கட்டடம் மட்டும் எழும்பவில்லை. நாடகம் போட்டது பழைய ஓல்ட் விக் கொட்டகையில். அலுவலகமோ பக்கத்தில் அக்வைனஸ் தெருவில் போட்டிருந்த தற்காலிகக் குடில்கள். சினிமாவில் சம்பாதித்துக்கொண்டு சௌகரியமாக இருந்திருக்க வேண்டிய 56 வயதில், அங்கே உட்கார்ந்து வேலை பார்த்தார். முதல் நாடகம் ஹாம்லெட். அதில்கூடத் தான் நடிக்காமல், பீட்டர் ஓ'டூலை நடிக்க வைத்து இயக்கினார். மேகி ஸ்மித், டெரெக் ஜாகோபி, மைக்கேல் காம்பன், ஆண்டனி ஹாப்கின்ஸ் எல்லாரும் இளம் வயதில் அந்தக் குழுவில் வளர்ந்தவர்கள். 1967-இல் ஒலிவியர் ஆஸ்பத்திரியில் படுத்தபோது அவர் பாத்திரத்தை ஏற்று மேடையேறியவர் ஹாப்கின்ஸ்தான்.

அந்த வருடங்களில்தான் அவரை மேடை பயம் பிடித்து ஆட்டியது. சின்ன வயதிலிருந்து மேடையிலேயே வாழ்ந்தவருக்கு! வசனம் மறந்துவிடுமோ என்ற நடுக்கம். ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோ நாடகத்தில் ஒத்தெல்லோவாக நடித்தபோது, தான் தனியாக நின்று பேசும் இடங்களில், இயாகோவாக நடித்த ஃபிராங்க் ஃபின்லேயை 'போய்விடாதீர்கள், என் கண்ணில் படுகிற மாதிரி சைடு விங்கில் நில்லுங்கள்' என்று கெஞ்சியிருக்கிறார். இதை மறைக்காமல் பிற்பாடு அவரே எழுதினார்.

ஒத்தெல்லோ கறுப்பினப் பாத்திரம் என்பதால் அதற்காக உடம்பெல்லாம் கறுப்புச் சாயம் பூசிக்கொண்டார். அது படமாக வெளியானபோதே அமெரிக்காவில் கண்டனம் வந்தது. அந்தக் காலம் அப்படி என்று சொல்லி நான் அதை விட்டுவிட மாட்டேன். தவறு தவறுதான்.

ஆனால் அவருக்கு நடந்ததும் நியாயமில்லை. புற்றுநோயோடு போராடிக்கொண்டே நிறுவனத்தை நடத்தியவரைக் கலந்து பேசாமலே, அடுத்த இயக்குநராக நாடக இயக்குநர் பீட்டர் ஹாலை முடிவு செய்தார்கள். 1976-இல் தேம்ஸ் கரையில் புதுக் கட்டடம் திறந்தபோது பெரிய அரங்குக்கு ஒலிவியர் பெயரை வைத்தார்கள். திறப்பு விழாவில் பேசினார், அவ்வளவுதான். அந்த மேடையில் அவர் ஒரு நாடகத்தில்கூட நடித்ததில்லை.

அவருடைய கடைசி மேடை நாடகம் ஓல்ட் விக்கிலேயே முடிந்துவிட்டது. 1973 டிசம்பரில் தொடங்கிய 'தி பார்ட்டி'. அதில் அவர் ஒரு முதிய கிளாஸ்கோ இடதுசாரி. ஏறக்குறைய இருபது நிமிடம் ஒரே ஆளாகப் பேச வேண்டும். வசனம் மறந்துவிடும் என்று நடுங்கிய அதே மனிதர், 66 வயதில், மாதக்கணக்கில் உட்கார்ந்து அதை மனப்பாடம் செய்து பேசினார்.