கோப்பை மட்டும் முதலாளி கணக்கிலா?

ஸ்பிரிங்ஃபீல்ட் இந்தியன்ஸ் என்ற அமெரிக்க ஐஸ் ஹாக்கி அணியின் முதலாளியாக இருந்த எடி ஷோர் பற்றிய அந்த "கண்டிப்பு இருந்தால் கோப்பை தானாக வரும்" பதிவை ஆளாளுக்குப் பகிர்ந்துகொண்டிருக்கிறீர்கள். சரி, பேசிவிடலாம்.

ஸ்பிரிங்ஃபீல்ட் இந்தியன்ஸ் 1960, 61, 62 என்று தொடர்ந்து மூன்று கால்டர் கோப்பை வென்றது உண்மை. அந்தக் கோப்பையைத் தரும் ஏ.எச்.எல். என்ற இரண்டாம் நிலை லீக்கின் வரலாற்றில் வேறு எந்த அணிக்கும் அது வாய்க்கவில்லை. ஆனால் மூன்று முறையும் பயிற்சியாளர் பாட் ஈகன். பதிவில் அவர் பெயர் எங்கே?

ஜெயித்ததற்குக் காரணம் கண்டிப்பு இல்லை ஐயா, இடப் பற்றாக்குறை. அப்போது மேல்நிலை லீக்கான என்.எச்.எல்-இல் மொத்தமே 6 அணிகள், ஏறக்குறைய 120 வீரர்கள். நிரந்தர கோலி (கோல்காப்பாளர்) வேலை ஆறே ஆறு. அதனால்தான் மார்செல் பய்யே மாதிரி ஒரு கோலி ஸ்பிரிங்ஃபீல்டில் நின்றார். ஒப்பந்தம் ஷோர் கையில். அவர் விற்றால்தான் வீரன் மேலே போகலாம். நல்ல ஆட்டக்காரர்களைப் பூட்டி வைத்தால் கோப்பை வரத்தான் செய்யும்!

ஆட்டத்தில் இடம் கிடைக்காதவர்களுக்கு அவர் வைத்த பெயர் 'பிளாக் ஏசஸ்'. அரங்கத்தைப் பெருக்குவது, பெயின்ட் அடிப்பது, பல்பு மாற்றுவது, பாப்கார்ன் போடுவது எல்லாம் அவர்கள் வேலை. கோலி கீழே விழக் கூடாதென்று கோல் கம்பத்தோடு கயிறு கட்டிய கதையும் உண்டு. இதைத்தான் சிரிப்புப் பொம்மை போட்டு 'குருநாதர் ஸ்டைல்' என்கிறீர்கள்.

"அந்தக் காலமே அப்படித்தான்" என்பீர்கள். அப்படியானால் 1966 டிசம்பரில் ஓர் அணியே ஆட மறுத்தது ஏன் இங்கே நடந்தது? ஏனோதானோவென்று ஆடினார்கள் என்று பில் வைட், டேல் ரோல்ஃப், டேவ் அமாடியோ மூவரையும் ஷோர் சம்பளமில்லாமல் இடைநீக்கம் செய்தார். மற்றவர்களும் பனியில் இறங்கவில்லை. வக்கீல் ஆலன் ஈகிள்சன் வந்தார். 1967-இல் என்.எச்.எல். வீரர்கள் சங்கமே உருவாக இது ஒரு முக்கியத் தூண்டுதல்.

"ஈகிள்சன் பின்னாளில் மோசடியில் உள்ளே போனவர்தானே?" ஆமாம், 1998-இல். அதற்காக 1966-இல் பிடித்த சம்பளம் நியாயமாகிவிடுமா? ஷோர் என்.எச்.எல்-இன் மிகச் சிறந்த வீரருக்கான ஹார்ட் விருதை நான்கு முறை வாங்கிய பெரிய ஆட்டக்காரர் என்பீர்கள். அதில் எனக்குச் சண்டையே இல்லை. நல்லா ஆடியவர், நல்ல முதலாளி இல்லை, அவ்வளவுதான்.

1967-இல் என்.எச்.எல். 12 அணியாக விரிந்தது. ஷோர் அணி நிர்வாகத்தை புது அணியான லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸின் முதலாளி ஜாக் கென்ட் குக்கிடம் கொடுத்தார். அந்த மூன்று 'ஏனோதானோ' ஆட்டக்காரர்களும் அடுத்த சீசனிலேயே அந்த கிங்ஸ் சட்டையில்! வைட் 1972-இல் சோவியத்துக்கு எதிராக கனடாவுக்கே ஆடினார். இதெல்லாம் பதிவில் வராது. வந்தால் லைக் விழாதே.

ஷோர் போன பிறகும் அந்த ஊர் ஜெயித்தது. 1990-இல் தாய் அணி (வீரர்களை அனுப்பும் என்.எச்.எல். அணி) ஐலண்டர்ஸ், 1991-இல் ஹார்ட்ஃபர்ட் வேலர்ஸ். தாய் அணி மாறியும் இரண்டு வருடமும் கோப்பை, பயிற்சியாளர் ஜிம் ராபர்ட்ஸ். 1994-இல் அணியை வூஸ்டருக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அது பற்றி உங்களுக்கு ஒரு வரி கூட இல்லை. முதலாளி கதை என்றால்தானே பேனா ஓடுகிறது.

வேலைநிறுத்தத்தில் வீரர்கள் சார்பில் பேசிய பிரையன் கில்ரேதான் கிங்ஸ் அணியின் முதல் கோலை அடித்தவர். அதையும் ஷோர் கண்டிப்பின் கணக்கில் எழுதிவிடுவீர்களோ என்னவோ.