கைகுலுக்கலுக்குப் பின்னால் இருந்த வளையம்

விண்வெளியில் நாடுகளின் ஒத்துழைப்பு என்ற பேச்சு வந்தாலே, 1975 ஜூலை 17 அன்று அமெரிக்கரான தாமஸ் ஸ்டாஃபோர்டும் சோவியத் வீரரான அலெக்சி லியோனோவும் சுற்றுப்பாதையில் கைகுலுக்கிய காட்சியைத்தான் எல்லோரும் நினைவுகூர்கிறார்கள். எனக்கோ அந்தக் கைகளைவிட, அவற்றைச் சந்திக்க வைத்த இணைப்பு வளையம்தான் பெரிதாகத் தெரிகிறது.

அதுவரை இரண்டு கலங்களை இணைப்பதென்றால், ஒன்றிலிருந்து நீளும் தண்டு மற்றதன் கூம்புக்குள் நுழைய வேண்டும். யாருடையது தண்டு, யாருடையது கூம்பு என்பது இரு வல்லரசுகளுக்கு நடுவே வெறும் பொறியியல் கேள்வியாக நின்றுவிடாது. சோவியத் பொறியாளர் விளாதிமிர் சிரோம்யாத்னிகோவின் வடிவமைப்பில் இரு பக்கமும் ஒன்றுபோலவே இருந்தன: வளையத்துக்கு மூன்று இதழ்கள், ஒன்றின் இதழ் மற்றதன் இதழ்களுக்கு நடுவே பொருந்தும், யார் வேண்டுமானாலும் முன்வந்து பற்றலாம். முதல் இணைப்பில் அமெரிக்கக் கலமான அப்பல்லோ பற்றியது. இரண்டு நாள் கழித்து நடந்த மறு இணைப்பில் சோவியத் கலமான சோயுஸின் முறை. (மானத்தைக்கூட முறை வைத்துத்தான் காப்பாற்றியிருக்கிறார்கள்!) அப்பல்லோவுக்குள் குறைந்த அழுத்தத்தில் தூய ஆக்சிஜன், சோயுஸுக்குள் தரைக்காற்றைப் போன்ற கலவை என்பதால், நடுவில் தனியாக ஓர் அறையை வைத்து, சோயுஸின் அழுத்தத்தையும் சுமார் 520 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குக் குறைத்தார்கள்.

இதில் நட்பு எங்கே இருந்தது என்று தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். யாரும் தாழாமல் சந்திக்க ஒரு வழி இருந்தது, அதுவே போதுமானதாக இருந்தது. 1995இல் அமெரிக்காவின் அட்லாண்டிஸ் விண்ணோடம் ரஷ்யாவின் மிர் விண்வெளி நிலையத்தோடு இணைந்தது அந்த வளையத்தின் வழித்தோன்றலைக் கொண்டுதான். உக்ரைன் போர் தொடங்கிய 2022இலேயே அமெரிக்கர் ஃபிராங்க் ரூபியோ ரஷ்யாவின் சோயுஸிலும், ரஷ்யர் அன்னா கிகினா அமெரிக்கக் கலமான டிராகனிலும் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குச் சென்றார்கள்.

சீனாவோடு மட்டும் கதவு சாத்தியே இருக்கிறது. தனி அனுமதியின்றிச் சீனாவுடன் நாசா இருதரப்பு ஒத்துழைப்பில் ஈடுபடக் கூடாது என்று 2011இல் அமெரிக்க நாடாளுமன்றம் தடை விதித்தது. தொழில்நுட்பம் களவுபோகும் என்ற அச்சத்தை நான் எள்ளி நகையாட மாட்டேன். ஆனால் அந்தத் தடையால் சீனா எதை இழந்தது? சொந்த விண்வெளி நிலையத்தை நிறுவியது; 2024இல் அதன் ஆளில்லாக் கலமான சாங்'இ-6 நிலவின் மறுபக்கத்திலிருந்து 1,935.3 கிராம் மண்ணைக் கொண்டுவந்தது, அதுவும் பிரான்ஸ், இத்தாலி நாடுகளின் கருவிகளைச் சுமந்து சென்று.

இப்போது அமெரிக்காவும் சீனாவும் நிலவுக்கு மனிதரை அனுப்பத் தயாராகின்றன. ஆபத்தில் சிக்கிய விண்வெளி வீரருக்கு உதவ வேண்டும் என்ற 1968 ஒப்பந்தத்தில் இரண்டுமே இருக்கின்றன. ஆகவே பெரிய கூட்டுத் திட்டம் எதையும் நான் கேட்கவில்லை. அங்கே ஒருவர் கலம் பழுதாகி நின்றால், மற்றவர் கலம் வந்து இணைய ஒரு பொதுவான வளையத்தையாவது இப்போதே பேசி முடிக்கட்டும்.