போல்ட்டுல ஒரு விரல் கிரீஸ் வைக்க என்ன கேடு உங்களுக்கு?

வயிறு எரியுது. சொல்லாம இருக்க முடியல.

மறுபடியும் ஒரு அவுட்போர்டு இன்ஜின் (படகுக்குப் பின்னாடி மாட்டுறது), மறுபடியும் தெர்மோஸ்டாட் (சூட்டைப் பார்த்துத் தண்ணி விடுற வால்வு) மூடியில முறிஞ்ச போல்ட். தலை மட்டும் ஸ்பேனரோட கையில வந்துடுச்சு, உடம்பு இன்ஜின் ஹெட்டுக்குள்ள நிக்குது. மத்த போல்ட்டுகளை எப்படியோ கெஞ்சிக் கழட்டி மூடியை எடுத்துப் பார்த்தா, ஓட்டையைச் சுத்தி வெள்ளை வெளேர்னு உப்பாப் பூத்துக் கிடக்கு. மரையில ஒரு பொட்டு கிரீஸ் கிடையாது. இதுக்கு முன்னாடி கழட்டி மாட்டுன மெக்கானிக் யாருன்னு எனக்குத் தெரியாது. வெறும் போல்ட்டை வச்சு முறுக்கிட்டுக் காசை வாங்கிட்டுப் போயிருக்கான்.

கோடியக்கரையில மீன்பிடி சீசன் நேரம். "சூடு பஸ்ஸர் அடிச்சுக்கிட்டே இருக்கு தம்பி, பார்த்துக் குடு, ராத்திரி தொழிலுக்குப் போவணும்"னு சொல்லி இறக்கி வச்சுட்டுப் போனார் அந்தப் பெரியவர். தெர்மோஸ்டாட் மாத்துறது சின்ன வேலை. டீ குடிச்சுட்டு வர்றதுக்குள்ள முடிஞ்சிருக்கணும். அன்னைக்கு ராத்திரி அவர் போகல, மறுநாளும் போகல. ஐஸ் வாங்கி வச்சது கரைஞ்சு போச்சு, கூட வர்ற ஆளுங்க கரையில சும்மா உட்கார்ந்திருந்தாங்க. அந்த வருமானத்தை யார் குடுப்பா? கிரீஸ் வைக்காம விட்டவனா குடுப்பான்?

இந்த மெக்கானிக்குங்களைக் கேட்டா என்ன சொல்றானுங்க தெரியுமா? "உப்புத் தண்ணிண்ணே, போல்ட்டு உடையத்தான் செய்யும்." இந்தப் பேச்சைக் கேட்டாதான் எனக்கு ரத்தம் கொதிக்குது. உப்புத் தண்ணி மேல பழியைப் போடாதீங்க. இன்ஜின் பாடி அலுமினியம், போல்ட் எஸ்.எஸ்., அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். ரெண்டும் ஒட்டிக்கிட்டு இருக்குற இடத்துல கடல் தண்ணி புகுந்தா அது ஒரு பேட்டரி மாதிரி வேலை செய்யும். அதுல கரையுறது அலுமினியம்தான். போல்ட் பளபளன்னு புதுசாவே இருக்கும், அதைச் சுத்தி இருக்குற மரை அரிச்சு வெள்ளைப் பொடியாகும். அந்தப் பொடிக்கு அலுமினியத்தைவிட அதிக இடம் வேணும். மரைக்குள்ள இடம் ஏது? போல்ட்டை நாலு பக்கமும் நெருக்கிப் பிடிச்சுக்கும். எம் 6 போல்ட், அதாவது 6 மில்லி, 10 நம்பர் ஸ்பேனர், மரை போக நடுவுல இருக்குற இரும்போ 5 மில்லி கனம்தான். அதுமேல ஸ்பேனர்ல பைப்பைச் சொருகி ஏறி மிதிச்சா முறியாம என்ன செய்யும்?

தண்ணி உள்ள போகாம மரையை நிரப்பி வைக்குறதுதான் கிரீஸோட வேலை. மரைன் கிரீஸ் ஒரு டப்பா வாங்குனா எத்தனை இன்ஜினுக்கு வரும்! அதையும் பார்த்து வைக்கணும், செம்புப் பொடி கலந்த கிரீஸை அலுமினியத்துல கொண்டுபோய்ப் பூசாதீங்க. அது அரிப்பைக் கூட்டும்.

இன்னொரு கொடுமை ஈஸி அவுட், முறிஞ்ச போல்ட்டுல ஓட்டை போட்டு அதுக்குள்ள விட்டுத் திருப்பி எடுக்குற கருவி. போல்ட் முறிஞ்ச உடனே அதைத் தேடி ஓடுறாங்க. தலை தாங்காத இடத்துல, அதைவிட ஒல்லியான ஈஸி அவுட் எப்படித் தாங்கும்? அதுவும் உள்ளயே முறியும். அது கடினப்படுத்துன எஃகு, சாதாரண டிரில் பிட் அதுமேல வழுக்கிக்கிட்டுப் போய் பக்கத்துல இருக்குற மென்மையான அலுமினியத்தைத் தோண்டும். இப்படி ஹெட்டையே குதறி எடுத்துட்டு வந்து, "ஏதாவது பண்ணுங்க"ன்னு என் முன்னாடி வைக்குறாங்க. என்ன பண்ணச் சொல்றீங்க?

பெரியவரோட இன்ஜின்ல முறிஞ்ச போல்ட் ஹெட்டுக்குச் சமமா நின்னுச்சு. பெட்ரோலை வடிச்சு, டேங்கைத் தூரமாத் தூக்கி வச்சு, பேட்டரியையும் சி.டி.ஐ. (பிளக்குக்குத் தீப்பொறி குடுக்குற பெட்டி) வயரையும் கழட்டிட்டு, போல்ட்டுக்கு மேல ஒரு நட்டை வச்சு நட்டோட ஓட்டைக்குள்ள வெல்டு அடிச்சேன். வெல்டு இரும்புல பிடிக்கும், அலுமினியத்துல ஒட்டாது. சூடாகும்போது அலுமினியம் எஃகைவிட அதிகமா விரியும், பிடி கொஞ்சம் இளகும். அந்தச் சூட்டுலயே மெழுகுவத்தியை வச்சுத் தேய்ச்சா உருகி மரைக்குள்ள இறங்கும். அப்புறம் இந்தப் பக்கம் ஒரு நூல், அந்தப் பக்கம் ஒரு நூல்னு கொஞ்சம் கொஞ்சமாத் திருப்பணும். ஒரே மூச்சுல திருப்புனா மறுபடி முறியும். முதல் தடவை வெல்டு பிச்சுக்கிட்டு வந்துடுச்சு. திரும்ப அடிச்சதுலதான் "கிரீச்"னு ஒரு சத்தம் குடுத்து அசைஞ்சது. கேஸ் டார்ச் நெருப்பை நேரா ஹெட்டுல காட்டுறவங்களுக்கும் சொல்றேன், அலுமினியம் சிவக்காது. 660 டிகிரிக்கு முன்னாடியே சொல்லாம கொள்ளாம இடிஞ்சு விழும்.

வெளியில வந்த போல்ட்டைப் பார்த்ததும் இன்னும் ஆத்திரம் வந்துச்சு. இன்ஜினோட வந்த போல்ட்டே இல்ல அது. ஏதோ ஹார்டுவேர் கடையில கிடைச்சது, நீளம் கூட. ஓட்டையோட அடியில முட்டி நிக்குது, மூடி இறுகல, தண்ணி கசியுது. கசிவை நிறுத்த இன்னும் முறுக்கியிருக்கான்!

மரையை டேப் (மரை வெட்டுற கருவி) போட்டுச் சுத்தம் பண்ணுனேன். நல்லவேளை, ஹெலிகாயில் (கெட்டுப்போன மரைக்குப் பதிலா வைக்குற கம்பிச் சுருள்) வைக்குற அளவுக்குப் போகல. சரியான நீளத்துல புது போல்ட், புது கேஸ்கெட், மரை முழுக்க கிரீஸ். எம் 6-க்கு 10 நியூட்டன் மீட்டருக்குள்ள இறுக்குனாப் போதும், அதுக்குப் பைப் எதுக்கு? மத்த போல்ட்டுகளையும் கழட்டிப் பிரஷ் போட்டுக் கிரீஸ் வச்சுதான் மாட்டுனேன். பாடியில இருந்த ஜிங்க் கட்டியைப் பார்த்தா, அதுமேலயும் பெயின்ட்! அலுமினியத்துக்குப் பதிலா அது கரையணும்னுதான் அதை வச்சிருக்கு. பெயின்ட் அடிச்சா எப்படிக் கரையும்? அதையும் மாத்துனேன்.

படகுக்காரங்களே, இன்ஜினைச் சர்வீஸுக்கு விட்டுட்டு வீட்டுக்குப் போயிடாதீங்க. பக்கத்துல நின்னு பாருங்க. கழட்டுன போல்ட்டைத் துடைக்காம, கிரீஸ் டப்பாவைத் திறக்காம அப்படியே திரும்ப மாட்டுறான்னா, அங்கேயே கையைப் பிடிச்சு நிறுத்துங்க. கேட்கலைன்னா இன்ஜினைத் தூக்கிட்டு வந்துடுங்க.